வாசிப்பவரின் செவி

ஜாஸ் எனப்படும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைமரபில், துணைக்கருவி ஏதுமின்றி ஒரு கலைஞர் பியானோவின் முன் தனியாக அமர்ந்து, எழுதிவைக்காத இசையை அந்தக் கணத்திலேயே உருவாக்கி வாசிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. கர்நாடக இசை மனோதர்மம் என்று எதைச் சொல்கிறதோ, அதற்கு நெருங்கிய உறவுடைய செயல் இது. இவ்வாறு வாசிக்கப்பட்டவற்றுள் சில ஒலிப்பதிவாகி, அந்த மரபோடு பிறப்பாலோ பயிற்சியாலோ தொடர்பில்லாதவர்களையும் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கலங்க வைத்து வருவது, இசையைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு ஒரு புதிராகவே இருக்கிறது. மனோதர்மம் அது பிறக்கும் கணத்துக்கு மட்டுமே உரியது. பதிவோ அதே கணத்தை எத்தனை முறை கேட்டாலும் மாறாமல் திருப்பித் தருவது. நூறாவது முறை கேட்பவருக்கு அடுத்து விழப்போகும் ஸ்வரம் மனப்பாடமாகத் தெரியும். வாசித்தவருக்கு அது அன்று தெரியாது. தெரியாமல் தேடியவரின் தேடல், விடையைத் தெரிந்துகொண்டே கேட்பவரை ஒவ்வொரு முறையும் ஏன் அசைக்க வேண்டும்?

கலைஞர் தம் உள்ளத்தை ஒளிவுமறைவின்றித் திறந்து கொட்டுகிறார், அதனால் கேட்பவர் உருகுகிறார் என்பது வழக்கமாகத் தரப்படும் விடை. இசைத்தட்டு உறைகளின் பின்பக்கக் குறிப்புகளிலும் இரங்கற் கட்டுரைகளிலும் இந்த விடைதான் விதவிதமான சொற்களில் வருகிறது. அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. எனினும் இவ்வகைப் பதிவுகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துச் சற்று நெருங்கிப் பார்த்தாலே அதன் போதாமை புலப்பட்டுவிடும்.

1975 ஜனவரி 24ஆம் நாள் இரவு 11.30 மணிக்கு, மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பெரா அரங்கில், அன்றைய ஆப்பெரா முடிந்து மேடை ஒழிந்த பிறகு, கீத் ஜாரெட் என்னும் 29 வயது அமெரிக்கக் கலைஞர் ஏறத்தாழ 1,400 பேர் முன்னிலையில் தனியாகப் பியானோ வாசித்தார். கச்சேரியை ஏற்பாடு செய்திருந்தவர் வேரா பிராண்டெஸ் என்னும் பதின்பருவப் பெண். ஜாரெட் கேட்டிருந்த பெரிய போசெண்டார்ஃபர் பியானோவுக்குப் பதிலாக ஒத்திகைக்கு உதவும் சிறிய பியானோ ஒன்றை அரங்கப் பணியாளர்கள் மேடையில் ஏற்றியிருந்தார்கள். அதன் மேல் ஸ்தாயி தகரத்தைத் தட்டியதுபோல் ஒலித்தது, மந்தர ஸ்தாயியில் வலுவில்லை, ஒலியை நீட்டிக்க உதவும் மிதிகளும் சரியாக வேலை செய்யவில்லை. நெடுந்தூரம் காரில் வந்த களைப்போடும் முதுகுவலியோடும் இருந்த ஜாரெட் முதலில் வாசிக்க மறுத்து, பிறகு இசைந்தார். ஈ.சி.எம். நிறுவனத்தின் மான்ஃப்ரெட் ஐக்கர் அதே ஆண்டில் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்ட அந்தப் பதிவு முப்பத்தைந்து லட்சம் படிகளுக்கு மேல் விற்று, தனிப் பியானோப் பதிவுகளிலேயே மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றாயிற்று. தடைகளை வாய்ப்பாக மாற்றுவது எப்படி என்று நிறுவன ஊழியர்களுக்குப் பாடம் நடத்தும் மேலாண்மைப் பேச்சாளர்கள் இக்கதையைச் சொல்லிச் சொல்லி மழுங்கடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

கதையை ஒதுக்கிவிட்டுப் பதிவை மட்டும் கேட்டால் கிடைப்பவை வேறு. வலக்கை பியானோவின் நடுப்பகுதியிலேயே நெடுநேரம் உலவுகிறது. மேலே ஏறினால் ஒலி கூசும் என்பதை அந்தக் கை சில நிமிடங்களுக்குள் கற்றுக்கொண்டுவிட்டதை உணர முடிகிறது. கீழ் ஸ்தாயி முழங்காது என்பதால், இடக்கை ஒரே ஸ்வரக்கூட்டை, அதாவது கார்டு எனப்படும் சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின் தொகுதியை, திரும்பத் திரும்ப அடித்து அந்த வலுவின்மையை ஈடுகட்டுகிறது. காலால் தட்டும் ஓசையும், மெட்டோடு இழைந்தும் இழையாமலும் எழும் முனகலும் நடுநடுவே கேட்கின்றன. எல்லாவற்றுக்கும் பிறகு, இரட்டைத் தட்டின் இறுதிப் பக்கத்தில் உள்ள ஏழு நிமிட வாசிப்பு வருகிறது. பலர் இதயத்துக்கு மிக நெருக்கமானதாகச் சொல்லும் அந்தப் பகுதி, ஜாரெட் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்த ஒரு மெட்டு. கணத்தில் பிறந்ததுதான் கலங்க வைக்கும் என்றால், முன்பே பிறந்திருந்த இந்த மெட்டு அந்த இரவில் மிகக் குறைவாகவே அசைத்திருக்க வேண்டும். நடந்தது அப்படியில்லை.

இந்த ஐயத்தைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். அன்னெரோஸ் எங்கல், பீட்டர் கெல்லர் ஆகிய இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஜாஸ் பியானோக் கலைஞர்கள் கணத்தில் உருவாக்கிய சிறு மெட்டுகளையும், வேறு பியானோக் கலைஞர்கள் அவற்றைப் பயின்று அப்படியே திருப்பி வாசித்தவற்றையும் கலந்து, ஜாஸ் பயிற்சி உள்ளவர்களிடமே கேட்கக் கொடுத்தார்கள். எது முதல் வாசிப்பு, எது நகல் என்று அவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 55 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிடச் சற்றே மேல். ஆனால் உணர்ச்சியோடும் எதிர்பாராதவற்றை அறிவதோடும் தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதி, நகலைவிட முதல் வாசிப்பைக் கேட்கும்போது கூடுதலாக இயங்கியது. முதல் வாசிப்புகளில் விரல் விழும் விசையும் ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட காலமும் நகல்களில் உள்ளதைவிடச் சீரற்று இருந்தன என்பதும் தெரியவந்தது. கேட்பவரின் வாய் அறியாததை அவருடைய உடல் ஓரளவு அறிந்திருக்கிறது என்றே இதைக் கொள்ள வேண்டும். அந்தச் சீரின்மைக்குள் இருப்பது என்ன என்பதைச் சோதனை சொல்லவில்லை; அதற்குக் கருவியின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பியானோவின் கட்டை ஒன்றை அழுத்தும்போது, கம்பளி போர்த்திய சிறு சுத்தி ஒன்று எகிறி எஃகுத் தந்தியை அடித்துவிட்டு உடனே பின்வாங்கிவிடுகிறது. அந்தக் கணத்துக்குப் பின் ஸ்வரத்தின் உயரத்தையோ வளைவையோ மாற்ற வாசிப்பவருக்கு எந்த வழியும் இல்லை. ஒலி தேயத் தொடங்கிவிட்டது, விரலையும் மிதியையும் எப்போது எடுப்பது என்ற ஒன்றுதான் அவர் கையில் எஞ்சியிருக்கிறது. நாகஸ்வரத்தில் மூச்சு நீடிக்கும்வரை ஸ்வரம் உயிரோடு இருக்கிறது, அந்த உயிரை உதடும் விரலும் நொடிக்கு நொடி உருமாற்றிக்கொண்டே இருக்கின்றன. வீணையில் மீட்டிய பிறகு ஒலி தேய்ந்தாலும், தண்டின் மேல் உள்ள மெட்டுக்கட்டில் தந்தியை இழுத்துத் தேயும் ஒலிக்குள்ளேயே கமகத்தை வரைய முடிகிறது. இந்த வரிசையின் கடைக்கோடியில் நிற்பது பியானோ: அதில் தேய்மானம் உண்டு, வளைவு இல்லை. கமகத்தில் ஊறிய தமிழ்ச்செவிக்கு இது ஏழ்மையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் தனியாக அமர்ந்து மனோதர்மமாக வாசிக்கும் பியானோக் கலைஞருக்கு இந்த ஏழ்மை ஒரு கட்டாயத்தைத் தருகிறது. அடித்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் அவர் கேட்டாக வேண்டும். அடித்தது அறையில் என்னவாயிற்று என்று கேட்டு, அந்தக் கேட்பிலிருந்தே அடுத்ததை எடுக்க வேண்டும். ஒலிப்பதிவில் பதிவாவது ஸ்வரங்கள் மட்டுமாக இருந்தால் நூறாவது கேட்பில் அவை வற்றிப் போயிருக்கும். ஒரு மனிதர் தனியாக, கைவிட்டுப் போன ஒலிக்குச் செவிகொடுக்கும் செயலும் கால இடைவெளிகளாகவும் விசையின் ஏற்ற இறக்கங்களாகவும் பதிவாகிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் எண்ணம். கேட்பவர் அங்கே தம்மைப் போன்ற இன்னொரு கேட்பவரைச் சந்திக்கிறார்.

ஜாஸ் பியானோக் கலைஞர் பில் எவன்ஸ் 1958 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவு செய்த ‘பீஸ் பீஸ்’ என்னும் வாசிப்பு இதைச் சோதித்துப் பார்க்க ஏற்றது. ஏழு நிமிடத்துக்கும் குறைவான அந்த வாசிப்பு முழுவதிலும் இடக்கை இரண்டே ஸ்வரக்கூட்டுகளை மாறி மாறி, தொட்டில் ஆடும் நிதானத்தில், ஒரு மாற்றமும் இல்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறது. வலக்கை முதலில் குழந்தைகூட வாசிக்கக்கூடிய எளிய ஸ்வரங்களை வைக்கிறது. போகப்போக இடக்கையின் ஸ்வரங்களோடு ஒட்டாத ஸ்வரங்களுக்கு நகர்ந்து, பறவைகள் கத்துவது போன்ற சிதறல்களைத் தெளித்துவிட்டு, மெல்ல வீடு திரும்புகிறது. ஒட்டாத முதல் ஸ்வரம் விழுந்தவுடன் ஒரு சிறு தயக்கம் கேட்கிறது. பிழையா, கண்டுபிடிப்பா என்று வாசித்தவரே எடைபோடும் இடைவெளி அது. அடுத்த ஸ்வரம் அதைக் கண்டுபிடிப்பாக்கி விடுகிறது. நேயர்கள் விரும்பிக் கேட்டும் எவன்ஸ் அதை மேடையில் மீண்டும் வாசிக்கப் பெரும்பாலும் இசையவில்லை. 1963இல் அவரே மூன்று பியானோப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தம்மோடு தாமே உரையாடும் தட்டு ஒன்றை வெளியிட்டார். திறமையில் அது குறைந்ததன்று, பரிசும் பெற்றது. எனினும் ‘பீஸ் பீஸ்’ தரும் கலக்கம் அதில் கிடைப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது பியானோக்கள் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றுக்குச் செவிகொடுத்துப் பதில் சொல்கின்றன, முதல் பியானோவால் அவற்றைக் கேட்க முடிவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் சான்று இன்னும் வெளிப்படையானது. 1957 ஏப்ரலில், தாமே பல ஆண்டுகளுக்கு முன் இயற்றிய ‘ரவுண்ட் மிட்நைட்’ மெட்டைத் தனிப் பியானோவில் பதிவு செய்ய அவர் அமர்ந்தபோது, ஒலிநாடா ஓடிக்கொண்டே இருந்தது. தொடங்கி, நிறுத்தி, ஒரு ஸ்வரக்கூட்டை மட்டும் மாற்றி அடித்துப் பார்த்து, மீண்டும் தொடங்கும் அந்த இருபது நிமிடத்துக்கும் மேற்பட்ட தேடல் பிற்காலத்தில் தனியே வெளியிடப்பட்டது. சொந்த மெட்டின் முன் அதை இயற்றியவரே புதிதாக வந்தவர்போல் தடுமாறுகிறார். முடிவில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாசிப்பைவிட இந்தத் தடுமாற்றத்தை மதிப்பவர்கள் இருக்கிறார்கள். மிகைப்பற்று என்று அவர்களை ஒதுக்கிவிடத் தோன்றினாலும், மங்க்கின் மௌனங்கள் எதனால் ஆனவை என்பது இந்தத் தேடலைக் கேட்ட பிறகே விளங்குகிறது.

எவன்ஸின் இடக்கையும் ஜாரெட்டின் இடக்கையும் ஒரே உருவை நிமிடக்கணக்கில் திருப்பி வாசிப்பதைச் சரக்கில்லாமையின் அடையாளம் என்று கேலி செய்த விமர்சகர்கள் உண்டு. அந்த இடக்கையின் வேலையைப் புரிந்துகொள்ள, பியானோவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் இடத்துக்கு வருவது உதவும். தமிழகக் கடற்கரை நெடுக அம்பா என்றும் ஏலேலோப் பாட்டு என்றும் வழங்கும் மீனவர் தொழிற்பாட்டில், வலை இழுக்கும்போதோ துடுப்பு வலிக்கும்போதோ ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் மாறாத ஒரே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். முன்பாட்டுக்காரர் பாடும் அடிகளில் பல வழிவழியாக வந்தவை, பல அந்த நேரத்தில் கட்டியவை. கூட்டம் பாடும் மாறா அடி உடல்களை ஒரே இழுப்பில் சேர்க்கிறது. அதோடு, அடுத்த அடியைத் தேடுவதற்கான நேரத்தையும் முன்பாட்டுக்காரருக்குத் தருகிறது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர் போன்ற ஊர்களில் எந்திரப் படகுகளின் வருகையோடு இப்பாட்டுக்கான வேலையே அருகிவிட்டது என்றாலும், அதன் அமைப்பு தனிப் பியானோவுக்கு நல்ல விளக்கம். தனியாக வாசிப்பவருக்குக் கூட்டம் இல்லை. ஆகவே தம் இடக்கையையே கூட்டமாக்கிக்கொண்டு வலக்கைக்குக் காலம் வாங்கித் தருகிறார். அந்த வாங்கிய காலத்தில் அவர் என்ன செய்கிறார் என்றால், கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த ஏரிக்கரையில் பியானோ இல்லாததற்குப் பண்பாட்டுக் காரணங்களோடு பௌதிகக் காரணமும் உண்டு. சுமார் 230 எஃகுத் தந்திகளும், பல டன் இழுவிசையைத் தாங்கும் இரும்புச் சட்டமும், ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும் மரப்பலகையும் கொண்ட அக்கருவியை உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் சுருதி கெடாமல் வைத்திருப்பது ஏறக்குறைய ஆகாத காரியம். பழவேற்காடு மகிமை மாதா ஆலயம் போன்ற பழைய ஆலயங்களைக் கொண்ட இக்கரைக்கு மேற்கத்திய ஸ்வரக்கூட்டுகள் அந்நியமானவை என்று சொல்ல முடியாது. தேவாலயக் கீபோர்டும் திரையிசையும் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து பல காலம் ஆகிறது. ஆனால் பியானோ என்பது இங்கே எப்போதும் ஒலிப்பதிவாகவே கேட்கப்படும் கருவி. அரங்கில் கேட்டதன் நினைவோ, அரங்கோடு ஒப்பிடும் ஏக்கமோ இல்லாமல் பதிவை மட்டுமே முழு அனுபவமாகக் கொள்பவர் அதைக் குறைவாகக் கேட்கிறார் என்று எண்ணத் தேவையில்லை. கொலோன் இரவைத் தட்டில் கேட்ட லட்சக்கணக்கானோரில் அந்த அரங்கில் இருந்தவர்கள் வெறும் 1,400 பேர்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய நிகழ்வு எது என்று தேடினால், பியானோவை விட்டுவிட்டுச் சென்னை ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டும். வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசிப்பார். மிருதங்கம் இருக்காது, சிறு அறை, பேச்சொலி அறவே கூடாது, வந்து அமர்பவர்களில் பெரும்பாலோர் இசைக்கலைஞர்களும் தேர்ந்த ரசிகர்களும். வீணையின் ஏழு தந்திகளில் நான்கு மெட்டுகளின் மேல் ஓடும் வாசிப்புத் தந்திகள், மூன்று பக்கத்தில் நின்று சுருதியும் தாளமும் தரும் தாளத் தந்திகள். ஆகவே வீணை தனக்குத் தானே துணைக்கருவியாகவும் இருக்கக்கூடியது. பியானோவின் இரு கைகளுக்கு இடையே நடக்கும் பங்கீடு இங்கே ஒரே கையின் விரல்களுக்கு இடையே நடக்கிறது. தானம் வாசிக்கும்போது, தாளக் கணக்கு ஏதுமின்றி, ஆனால் துடிப்பு உள்ள நடையில் ராகத்தை விரிக்கும் அந்தப் பகுதியில், தாளத் தந்திகளின் மீட்டல் ஒரு சிறு கூட்டம்போலவே நின்று வாசிப்பவருக்குக் காலம் தருகிறது.

தனம்மாள் 1930களில், முதுமையில், சில கிராமபோன் தட்டுகளுக்கு வாசித்தார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டுகளின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றுத் தாண்டினால் முடிந்துவிடும். ஊசியின் இரைச்சல் மெல்லிய வீணை ஒலியைப் பாதி தின்றுவிடுகிறது. அப்படியிருந்தும் அவற்றில் ஒருவர் தம் ஒலிக்குத் தாமே காத்திருப்பது கேட்கிறது. ஒரு ஸ்வரத்தை நிறுத்திவிட்டு, தேய விட்டு, அது முற்றும் அடங்குவதற்குச் சற்று முன்னால் அடுத்த பிடியை எடுக்கும் அந்தப் பொறுமை, மூன்று நிமிட நெருக்கடி தெரிந்தும் அவசரப்பட மறுக்கிறது. இதே நெருக்கடிக்குள் வாசித்த இன்னொருவர், பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஜாஸ் இசைக்குழுக்களை நடத்தி 1945இல் கல்கத்தாவில் இறந்த அமெரிக்கப் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு. 1937இல் பாரிஸில் அவர் பதிவு செய்த தனிப் பியானோத் தட்டுகள் மினுமினுப்பானவை, விரல்வேகம் மிக்கவை, ஆனால் நின்று கேட்க நேரமில்லாதவை.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி ஆலாபனைப் பதிவுகள் வேறு வகை. மேடையில் மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் என்று புகழப்படும் அவர், தட்டுக்காக அந்தப் பரப்பைச் சில நிமிடங்களில் ஒடுக்க வேண்டியிருந்தது. ஒடுக்கியதில் தோடி சிறுத்துப்போகாமல் அடர்ந்துவிட்டது. பழைய திமிரி நாகஸ்வரத்தைவிட நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காக வடித்துக் கொடுத்தார் என்பதை இங்கே நினைவுகொள்வது பொருத்தம்: ஜாரெட் கிடைத்த கருவியின் குறைக்குத் தம் இசையை வளைத்தார், ராஜரத்தினம் பிள்ளை தம் செவி கேட்ட இசைக்குக் கருவியையே மாற்றச் செய்தார். இரு வழிகளிலும் செவியே முதலில் நிற்கிறது. ஆயினும் நாகஸ்வரத்தில் வாசிப்பவர் ஸ்வரத்தின் உள்ளேயே இருக்கிறார், அதை விட்டு வெளியே வந்து நின்று கேட்கும் இடம் மூச்சு வாங்கும் கணம் மட்டுமே. அந்தத் தட்டுகளில் மூச்சு வாங்கும் இடங்களைக் கவனித்துக் கேட்பவர், ஒவ்வொன்றுக்குப் பிறகும் பிடி எப்படித் திசைமாறுகிறது என்பதைக் காண்பார்.

ஆலாபனையும் ஜாஸ் தனிவாசிப்பும் ஒன்றே என்று சொல்லிவிடும் ஆசை எளிதில் வரும். கலப்பிசைக் கச்சேரி அறிவிப்புகளில் அது நாள்தோறும் வருகிறது. ஆனால் ஆலாபனையில் ராகம் என்னும் பொது வரைபடம் வாசிப்பவர், கேட்பவர் இருவர் கையிலும் இருக்கிறது. தோடியின் காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்பது ரசிகருக்குத் தெரியும், எங்கே நிற்கலாம் எங்கே நிற்கக் கூடாது என்பதும் தெரியும். கலைஞர் எதிர்பார்ப்பை நிறைவேற்றும் விதத்திலும் தள்ளிப்போடும் விதத்திலும்தான் உணர்ச்சி பிறக்கிறது. பெரும்பாலான ஜாஸ் கலைஞர்களுக்கும் தெரிந்த ஒரு பாட்டின் ஸ்வரக்கூட்டு வரிசை வரைபடமாக உதவுகிறது. ஜாரெட் 1973 முதல் மேடைகளில் செய்ததோ அந்த வரைபடத்தையும் கீழே வைத்துவிட்டுத் தொடங்குவது. ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கினார் என்று அதைப் புகழ்வது மிகை, விரல்களுக்குப் பல்லாண்டுப் பழக்கம் இருக்கும்போது ஒன்றுமில்லாமை ஏது. ஆனால் பகிர்ந்த வரைபடம் இல்லாததால் கேட்பவர் வாசிப்பவரின் செவியை மட்டுமே பற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை. அந்தச் சார்பே அவ்வகைப் பதிவுகளின் வலிமையும், சில இடங்களில் அவற்றின் சலிப்பும். 1976 நவம்பரில் ஜப்பானில் நடந்த ஐந்து கச்சேரிகளைப் பத்துத் தட்டுகளாக வெளியிட்டபோது, மணிக்கணக்கான அந்தத் தேடலில் எதுவும் கிடைக்காத நேரங்களும் சேர்ந்தே அச்சேறின. அவற்றை நீக்காமல் விட்டது நல்ல முடிவு.

தனம்மாளின் குடும்பத்துக்கும் ஜாஸ் உலகத்துக்கும் இடையே ஒரு நேரடிப் பாலமும் இருந்தது. அவருடைய பேரர்களான மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதனும் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்தார்கள். அதே வளாகத்தில் கர்நாடக இசைக்கலைஞர் எஸ். ராமநாதனிடம் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் வீணை கற்றார், ஜாஸ் தாளவாத்தியக் கலைஞர் எட் பிளாக்வெல்லும் அங்கே ஆசிரியராக இருந்தார். இந்தப் பாலத்தின் வழியாக வராமல், அதே நாட்டில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1971இல் பிறந்தவர் விஜய் ஐயர். மூன்று வயதில் வயலின் கற்கத் தொடங்கி, பியானோவைப் பெரும்பாலும் தம் செவியாலேயே கற்றுக்கொண்ட அவர், யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயின்று, 1998இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். இசையில் லயத்தை உடலின் அசைவிலிருந்து பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது, நொடியின் மிகச் சிறு பகுதி அளவுக்கு நேரம் முன்பின்னாவது வாசிப்பவரின் உடலைப் பற்றிய செய்தியாகக் கேட்பவரை எட்டுகிறது என்பது அந்த ஆய்வேட்டின் அடிப்படை. எங்கல், கெல்லர் சோதனை கண்ட சீரின்மையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பியானோக் கலைஞர் உள்ளிருந்து விளக்க முயன்றிருக்கிறார்.

ஐயர் 2010இல் ‘சோலோ’ என்ற பெயரில் தம் முதல் தனிப் பியானோத் தட்டை வெளியிட்டார். மைக்கேல் ஜாக்சன் பாடிப் புகழ்பெற்ற ‘ஹ்யூமன் நேச்சர்’ அதில் முதலாவதாக வருகிறது. உலகம் முழுதும் தெரிந்த மெட்டு என்பதால் கேட்பவரின் கையில் வரைபடம் முன்பே இருக்கிறது. ஐயர் அதன் கீழே இடக்கையின் லயத்தை ஒற்றைப்படை எண்ணிக்கையில் தள்ளித் தள்ளி வைத்து, தெரிந்த மெட்டு தடுக்கி விழாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்கிறார். தொடர்ந்து மங்க், ஜாஸ் இசையமைப்பாளர் எலிங்டன் ஆகியோரின் மெட்டுகளும், ‘ஆட்டோஸ்கோபி’, ‘பேட்டர்ன்ஸ்’ முதலிய அவருடைய சொந்த ஆக்கங்களும் வருகின்றன. இத்தட்டில் கர்நாடக இசையின் சாயலைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள் அல்லது இல்லாததைக் கண்டுபிடிப்பார்கள். பியானோவில் கமகத்தைப் பாவனை செய்ய ஐயர் முயல்வதில்லை. கருவியின் வளைய மறுக்கும் ஸ்வரத்தை அப்படியே ஏற்று, ஒரு ஸ்வரத்தின் தேய்வுக்குள் இன்னொன்று எப்போது நுழையலாம் என்ற கேள்வியில் தம் மனோதர்மத்தை வைக்கிறார். தமிழ்க் கேட்பவர் அவரை உரிமை கொண்டாட விரும்பினால், எளிய ராக ஒற்றுமைகளைவிட இந்தக் காலக்கணக்கைப் பிடித்துக்கொள்வது நேர்மையானது.

கொலோன் இரவின் ஸ்வரங்களை எழுத்தில் வடித்து வெளியிட ஜாரெட் நெடுங்காலம் இசையவில்லை. 1991இல் ஷாட் பதிப்பகம் அதை நூலாக்கியபோதும், எழுத்துக்கும் பதிவுக்கும் முரண் எழுந்தால் பதிவே இறுதிச் சான்று என்பது அவருடைய நிபந்தனையாக இருந்தது. அதன்பின் பயிற்சி பெற்ற பியானோக் கலைஞர்கள் அதை மேடையில் ஸ்வரம் பிசகாமல் வாசித்திருக்கிறார்கள். நல்ல பியானோவில், சரியான மிதிகளோடு வாசிக்கப்படும்போது அது அழகாகவே இருக்கிறது. ஆனால் மேல் ஸ்தாயியைத் தவிர்க்கும் அந்த நடைக்கு அங்கே காரணம் இல்லை. அவர்களும் கூர்ந்து கேட்டுக்கொண்டேதான் வாசிக்கிறார்கள். அவர்கள் கேட்பது, அடித்தது நூலோடு ஒத்திருக்கிறதா என்று. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தட்டிலிருந்து பிடிபிடியாகப் பயின்ற நாகஸ்வரக் கலைஞர்களுக்கு இந்தச் சிக்கல் ஓரளவே உண்டு, ஏனென்றால் பயின்ற பிடிகளைத் தங்கள் சொந்த ஆலாபனையில் வேறு வரிசையில் செலவழித்துவிட மரபு அவர்களை அனுமதிக்கிறது, வற்புறுத்தவும் செய்கிறது.

1996இல் நாட்பட்ட களைப்பு நோயால் மேடையை விட்டு விலகிய ஜாரெட், 1998இல் தம் வீட்டிலேயே சில பழைய பாட்டுகளை அலங்காரம் ஏதுமின்றித் தனியாகப் பதிவு செய்தார். மனோதர்மம் மிகக் குறைந்த அந்தத் தட்டு, ஸ்வரம் அடித்துவிட்டுக் கேட்கும் செயலை மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. உடல்வலு குன்றியவர் தேவையற்ற ஒரு ஸ்வரத்தையும் அடிப்பதில்லை. 2018இல் இருமுறை தாக்கிய பக்கவாதம் அவருடைய இடக்கையை முடக்கியது.

இவ்வகை இசைக்குப் புதிதாக வரும் தமிழ் வாசகர் கொலோனில் தொடங்க வேண்டியதில்லை. அதன் புகழ் காதை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது, 26 நிமிட முதற்பகுதி பொறுமையையும் சோதிக்கும். எவன்ஸின் ‘பீஸ் பீஸ்’ஸில் இடக்கையை மட்டும் முதல் முறை கேட்கலாம், இரண்டாம் முறை வலக்கையை. பிறகு தனம்மாளின் தட்டு ஒன்று, இரைச்சல் பழகும்வரை இரண்டு மூன்று தடவை. அதன்பின் மங்க்கின் முடியாத ‘ரவுண்ட் மிட்நைட்’, தொடர்ந்து ஐயரின் ‘ஹ்யூமன் நேச்சர்’. இவை நான்கும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கொலோனுக்கு அதற்குப் பிறகு ஒரு நாள் தனியாக ஒதுக்கிக்கொள்ளலாம், அதுவும் அலைபேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம்: அந்தச் சிறு பியானோவின் வலுவில்லாத கீழ் ஸ்தாயி அதில் அறவே கேட்காது, இடக்கை எதை ஈடுகட்டுகிறது என்பதும் பிடிபடாது.